செயற்குழுவுக்கு ஏன் போகிறோம்?

வாசகர் கேள்விகள் – பொருளாளர் அம்மாவின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தேன்: உங்கள் ஊர் முதியோர் இல்லமோ, சிறப்புப் பள்ளியோ, வாசகர் வட்டமோ நிர்வாகக் குழுவில் சேரச் சொல்லிக் கூப்பிட்டால் போவீர்களா, எதற்காகப் போவீர்கள்? சும்மா கேட்டு வைத்ததுதான். வந்த கடிதங்களைப் பார்த்தால், கடலூரிலும் புதுச்சேரியிலும் பாதிப் பேர் ஏதோ ஒரு சங்கத்தில் இருக்கிறார்கள், மீதிப் பேர் இருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை. ஊர் மட்டும்.

*

"எங்கள் பக்கத்து முதியோர் இல்லத்தின் செயற்குழுவில் சேரச் சொல்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை. என்னிடமே படித்தவன் கடையில் 'என்ன பெருசு, என்ன வேணும்' என்கிறான். குழுவில் சேர்ந்தால் நாலு பேர் மறுபடி 'சார், இதுக்கு என்ன பண்ணலாம்' என்று கேட்பார்களே என்ற ஆசைதான். சேவை மனப்பான்மையெல்லாம் பெரிதாக இல்லை. இந்த எண்ணத்தோடு போவது தப்பா?"
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

தப்பே இல்லை சார். தாராளமாகப் போங்கள்.

சேவைக்காகவே பிறந்தேன் என்று மேடையில் சொன்னவர்கள் இரண்டாவது ஆண்டறிக்கை அச்சாவதற்குள் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். நான் பொருளாளராக இருந்த இல்லத்தில், தபால் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் குழுவுக்கு வந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "வீட்டுக்காரம்மா போன பிறகு சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்." அவ்வளவுதான் அவருடைய கொள்கை. நவம்பர் வந்தால் மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா? இல்லத்தில் இருந்த அப்படிப்பட்ட ஒவ்வொருவருடைய பென்ஷன் புத்தகத்தையும் ஆதாரையும் எடுத்து வைத்து, தேய்ந்து போன விரல்களுக்கு எண்ணெய் பிசுக்குப் போகத் துடைத்துவிட்டு, ரேகை மெஷினில் நாலு தடவை ஐந்து தடவை பொறுமையாக வைக்கச் சொல்லுவார். ஒரு பாட்டிக்குப் பத்து விரலும் பதியவில்லை. ஆட்டோ வைத்து வங்கிக்கே கூட்டிப்போய், மேனேஜர் எதிரில் உட்காரவைத்து, "இதோ இருக்காங்க, பார்த்துக்குங்க" என்று காகிதத்தில் சான்று வாங்கி வந்தார். அவர் தனிமைக்காக வந்தார் என்பதில் இல்லத்துக்கு என்ன நஷ்டம்?

நான் எதற்காகப் போனேன் என்று என்னைக் கேட்டால் இன்னும் மோசம். எரிச்சலில் போனேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கத்தில் மேஜை போட்டு, நிவாரணப் பணம் வாங்க வேண்டியவர்களுக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்த வங்கி ஊழியர்களில் நானும் ஒருத்தி. அப்போது ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் தன் பெயரில் கணக்கு தொடங்க வந்தது. தீர்மானப் புத்தகத்தைத் திறந்தால் தீர்மானத்துக்குத் தேதி இல்லை. தலைவர் கையெழுத்தும் செயலாளர் கையெழுத்தும் ஒரே கையில் போட்டது மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பினேன். தேதி போட்டுக் கொண்டுவந்தார்கள், கணக்கை யார் யார் இயக்குவது என்று எழுதவில்லை. மறுபடி திருப்பி அனுப்பினேன். கடைசியில் அந்தச் செயலாளர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, "திட்டிக்கிட்டே இருக்கீங்களேம்மா, நீங்களே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார். போனேன். அங்கிருந்த குழந்தைகளைப் பார்த்து மனம் உருகியதெல்லாம் அப்புறம். முதலில் அழைத்துப் போனது தேதி இல்லாத அந்தத் தீர்மானம்தான்.

அதனால் உங்களுக்கு மரியாதை வேண்டும் என்றால் வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்பது உங்கள் சொந்த விஷயம். வந்து எந்த வேலையை எடுத்துக்கொள்வீர்கள் என்பதைத்தான் குழு கேட்க வேண்டும். தலைமையாசிரியராக இருந்தவருக்கு வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் எல்லாம் கைவந்த வேலை. அதில் ஒன்றை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் குழுக் கூட்டத்தை வகுப்பாக்கிவிடுவார்கள். இல்லத்து ஆயாம்மாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்காதீர்கள்.

*

"2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது நண்பர்களோடு சாப்பாட்டுப் பொட்டலமும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதைப் பார்த்து ஓர் அறக்கட்டளை என்னைத் துணைச் செயலாளராகப் போட்டது. இப்போது மாதாமாதம் கூட்டம். ஃபேன் வாங்குவதா, இருக்கிற ஃபேனுக்குக் காயில் கட்டுவதா என்று இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். எனக்குத் தூக்கம் வருகிறது. நான் இதற்கு லாயக்கில்லாதவனா?"
– இளைஞர், பாகூர்

தம்பி, அந்த ஃபேன் விவாதத்தில் எனக்கும் தூக்கம் வந்திருக்கும்.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு ஓடி உதவுவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் என்று வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் எதற்காகப் போகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். ஜூன் மாதத்தில்தான் சிக்கல். வெயில் கொளுத்துகிறது, ஆற்றில் மணல்தான் தெரிகிறது, கண் முன்னால் யாரும் அழவில்லை. குழு வேலை முக்கால்வாசி அந்த ஜூன் மாதத்து வேலைதான்.

அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சுனாமி சமயத்தில் பார்த்தோம். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்து சாலையோரம் குவிந்து கிடந்தது. கட்ட முடியாத கிழிசல், அளவு சேராத கோட்டு, சூட்டு. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவப் பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்தவர்கள் மனசு நல்ல மனசுதான். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை. பாய், போர்வை, நாப்கின், கொசுவத்தி, தண்ணீர் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் என்று ஒரு பட்டியலை ஆகஸ்டிலேயே எழுதி, எந்தக் கடையில் கடனுக்குத் தருவார்கள் என்று பேசி வைப்பதற்கு ஒரு கமிட்டி வேண்டும், ஒரு தீர்மானம் வேண்டும்.

வடலூரில் 1867-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம், விறகுக்கும் அரிசிக்கும் இத்தனை தலைமுறையாகக் கணக்கு வைத்த ஆட்களைத்தான் நினைக்கத் தோன்றும். என் புத்தி அப்படி.

உங்களுக்கு ஒரு யோசனை. ஃபேனை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். "மழைக்கால முன்னேற்பாடு என் பொறுப்பு" என்று கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள். சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்தால் உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும், தகவலை யார் யாருக்குச் சொல்ல வேண்டும், நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது, இதையெல்லாம் எழுதிவைக்கிற வேலை. அதிலும் தூக்கம் வந்தால் பதவியைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வரும்போது மட்டும் வருகிற தொண்டராக இருங்கள். அதுவும் ஊருக்குத் தேவைதான். கமிட்டியில் இல்லாதவன் மட்டம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

*

"கூட வேலை பார்ப்பவரின் மாமா ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். அதில் என்னை மெம்பராகப் போடக் கேட்கிறார்கள். 'ஒரு பொண்ணு பேரும் இருந்தா நல்லா இருக்கும், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்' என்கிறார்கள். ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளலாமே என்று எனக்கும் ஆசை. பிரான்சிலிருந்து பணம் வருகிறதாம். சேரலாமா அம்மா?"
– ஐ.டி. ஊழியர், முத்தியால்பேட்டை

ரெஸ்யூமே ஆசையில் ஒரு குற்றமும் இல்லை கண்ணு. எத்தனையோ பேர் அப்படி வந்து உருப்படியாக வேலை செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் ஒருத்தி குழுவில் இருந்தால் நன்கொடை ரசீதிலிருந்து வருமான வரித் தாக்கல் வரை பாதித் தலைவலி குறையும். ஆனால் "கையெழுத்து மட்டும் போதும்" என்று சொல்கிறார்களே, வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் பயந்த வாக்கியம் அது. பிரச்சினை வந்தால் கையெழுத்துப் போட்டவரைத்தான் கூப்பிடுவார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, சொன்னாங்க, போட்டேன்" என்பது அங்கே பதிலாகாது.

முதலில் அது டிரஸ்டா, பதிவு செய்த சங்கமா என்று கேளுங்கள். டிரஸ்ட் என்றால் டிரஸ்ட் டீடு, அதாவது அறக்கட்டளைப் பத்திரம். சங்கம் என்றால் பைலா, அதாவது சங்க விதிமுறை. புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு, தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி. எதுவானாலும் அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும். அப்புறம் கடைசி மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட். 12ஏ (நிறுவனத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்று சொல்லும் பதிவு இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று பாருங்கள். இப்போதெல்லாம் ஆயுளுக்கும் ஒரே பதிவு கிடையாது, புதுப்பிக்க வேண்டும். மற்ற மெம்பர்கள் யார் என்று கேளுங்கள். மாமா, மாமி, மாமாவின் தம்பி, தம்பியின் டிரைவர் என்று பட்டியல் போனால் நீங்கள் அங்கே எதற்கு என்று புரிந்துவிடும்.

வெளிநாட்டுப் பணம் தனிக் கதை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் பிரதான கிளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவுக்கு நிர்வாகிகளின் ஆதாரும் கேட்பார்கள். ஒன்றும் செய்யாத மெம்பர் என்று அந்தப் படிவத்தில் தனிக் கட்டம் எதுவும் கிடையாது. பிரான்சில் இருக்கிற சொந்தக்காரர் மாமாவின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பி, அதில் அறக்கட்டளை நடக்கிறது என்றால், நீங்கள் அந்த வாசல் பக்கமே போக வேண்டாம்.

சேருவதற்கு முன்னால் ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்காரக் கேளுங்கள். ஆடிட் ரிப்போர்ட்டைக் கேட்டதும் "மாமா ஊரில் இல்லை" என்று சொன்னால், மாமா ஊருக்கு வந்த பிறகும் சேராதீர்கள்.

*

"மாற்றுத்திறன் குழந்தைகள் விடுதிக்குப் பல வருடமாக நன்கொடை கொடுத்து வருகிறேன். இப்போது குழுவில் சேரச் சொல்கிறார்கள். நமக்கு மளிகை மொத்த வியாபாரம். குழுவில் இருந்துகொண்டே விடுதிக்கு அரிசி, பருப்பு சப்ளை செய்யலாமா? நாலு பேர் தப்பாகப் பேசுவார்களோ?"
– வியாபாரி, பண்ருட்டி

பேசுவார்கள். அதனால் பேச இடம் வைக்காமல் செய்யுங்கள்.

வியாபாரிக்கு வியாபாரம் வேண்டும், அதை ஏன் மறைக்க வேண்டும்? முதல் கூட்டத்திலேயே "எனக்குக் கடை இருக்கிறது, சப்ளை செய்ய விருப்பம் இருக்கிறது" என்று சொல்லி மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) எழுதச் சொல்லுங்கள். மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கட்டும். அந்த விலையைப் பேசும்போது நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள். உங்கள் விலை குறைவாக இருந்தால் உங்களுக்கு வரட்டும், இல்லையென்றால் இல்லை. சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். நிர்வாகிகளுக்கும், பெரிய நன்கொடை கொடுத்தவர்களுக்கும், அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கும் நிறுவனத்துப் பணம் வரம்பு மீறிப் போனால், அந்த நிறுவனத்தின் வரிவிலக்கிலேயே வருமான வரித்துறை கை வைக்கும். நீங்கள் நன்கொடையாளர், நிர்வாகி, சப்ளையர் மூன்றும் ஒரே ஆளாக ஆகப்போகிறீர்கள். ஆடிட்டருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இன்னொன்று. ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் உங்களுக்கு 80ஜி சலுகையும் கிடைக்காது.

*

"என் மகனுக்குப் பதினாறு வயது. மனவளர்ச்சி குறைவு. அவன் படிக்கும் சிறப்புப் பள்ளியின் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக வரச் சொல்கிறார்கள். நான் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்பவன். என் பையனுக்காகத்தான் வருவேன், ஊருக்காக இல்லை. இது சுயநலம் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்."
– ஒரு தகப்பனார், கடலூர் முதுநகர்

சொன்னவருக்கு அப்படி ஒரு பிள்ளை இருக்காது.

ஐயா, இந்த நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நடக்கும் பள்ளிகளில் பல, பெற்றவர்கள் சேர்ந்து ஆரம்பித்தவைதான். நமக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஒரே கேள்வி போதும், ஆயுள் முழுக்க ஒருவரைக் கூட்டத்துக்கு வரவைக்க. ஐம்பது பேர் படிக்கிற இடத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஆடிட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மகனுக்குப் பதினெட்டு வயது ஆகும்போது சட்டப்படி அவன் மேஜர். அப்புறம் அவனுக்காக வங்கியிலும் மற்ற இடங்களிலும் கையெழுத்துப் போட நீங்கள் சட்டப்பூர்வக் காப்பாளராக ஆக வேண்டியிருக்கும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது, அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் குழுவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் உட்காருவார்கள். உங்கள் பள்ளியில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? குழுவுக்குப் போனதும் முதல் வேலையாக, பதினேழு முடிந்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, எல்லாப் பெற்றோரையும் உட்காரவைத்து விண்ணப்பம் நிரப்புங்கள். உங்கள் பையனுக்காக ஆரம்பித்த வேலையில் மற்ற பிள்ளைகளுக்கும் காரியம் ஆகிவிடும்.

ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் வகுப்பு ஆசிரியையின் சம்பளம், லீவு பற்றிப் பேச்சு வரும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். நல்லதாகச் சொன்னாலும் தப்பாகப் போகும், குறையாகச் சொன்னாலும் தப்பாகப் போகும்.

*

"பொன்னாடைக்காகவே குழுவில் இருக்கிறவர்களை என்ன செய்வது?"
– லாஸ்பேட்டை

போர்த்திவிடுங்கள். அவர்கள் போட்டோவில் நிற்பதற்காக நாலு பெரிய மனிதர்களை அழைத்து வருவார்கள், அந்த நாலு பேரில் ஒருவர் கட்டடத்துக்கு ஓடு போட்டுக் கொடுப்பார். செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் அவர்களிடம் வேண்டாம். ஒரு சின்னத் திருத்தம்: ஜரிகைப் பொன்னாடைக்குப் பதில் நல்ல பருத்தித் துண்டு போர்த்தலாம் என்று தீர்மானம் போடுங்கள். விழா முடிந்ததும் இல்லத்துத் தாத்தாக்கள் தலை துவட்டிக்கொள்வார்கள். இதற்கு எந்தக் கமிட்டியிலும் பெரும்பான்மை கிடைத்து நான் பார்த்ததில்லை, நீங்கள் முயற்சி செய்து பாருங்கள்.

*

"நான் பத்தாவது வரை படித்தவள். குழந்தைகள் பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவில் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். டீச்சரும் படித்தவர்களும் இருக்கிற இடத்தில் நான் என்ன பேசுவது? கூட இருக்கிறவர்கள், 'சும்மா போய் உட்கார்ந்துட்டு வா' என்கிறார்கள்."
– இல்லத்தரசி, வில்லியனூர்

சும்மா உட்கார்ந்துவிட்டு வரத்தான் போகிறீர்கள் என்றால், அந்த நேரத்தில் வீட்டில் மாவு அரைக்கலாம். ஆனால் நீங்கள் சும்மா உட்கார மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. உங்களைக் கூப்பிட்டதில் யாருடைய தயவும் இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே, அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சொல்கிறது. அது உங்கள் இடம்.

படிப்பைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் இருந்த முதியோர் இல்லக் குழுவில் எல்லோரும் டிகிரிக்காரர்கள். பேங்க், கோர்ட்டு, காலேஜ். மாதாமாதம் மளிகை பில்லை வரிவரியாகக் கூட்டிப் பார்ப்போம், பைசா பிசகாது. ஒரு மாதம், இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா குழுவில் புதிதாகச் சேர்ந்தார். கூட்டம் நடக்கும்போதே எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் அரிசி. ஒரு கையிலிருந்ததை மேஜைமேல் கொட்டி விரலால் பரப்பினார். நொய் பாதி. இன்னொரு கை அரிசியை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினார். அடி மூட்டை வாடை. "மேல இருக்கிற மூட்டைதான் பில்லுல இருக்கிற பொன்னி. அடியில நாலு மூட்டை வேற அரிசி. மூட்டைத் தையலைப் பாருங்க, பிரிச்சு மறுபடி தைச்சிருக்கு" என்றார். நாங்கள் அத்தனை பேரும் வரிசையாகப் போய் மூட்டையின் தையலைப் பார்த்தோம். வெள்ளை நூல் தையலுக்கு நடுவில் சணல் ஓடியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து மூட்டை இறங்கும்போது அந்த அம்மாவே நின்று பிரித்துப் பார்த்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.

அவர் எதற்காகக் குழுவுக்கு வந்தார் என்று பின்னொரு நாள் கேட்டேன். "எங்கம்மாவ நான் கடைசிக் காலத்துல பார்த்துக்க முடியல" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தெரிந்தது இருக்கும். தண்ணீர்க் குழாய் எத்தனை மணிக்கு நிற்கிறது, பெண் பிள்ளைகள் ஏன் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளை சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறது. இதை டீச்சரைவிட நீங்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் பேசுங்கள், போதும். பேசியதை மினிட்ஸில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.

*

"ஒன்பது வருடமாகச் செயலாளர். வாசகர் வட்டம் போன்ற ஒரு சின்னச் சங்கம்தான். ஆரம்பத்தில் இருந்த ஆர்வம் இப்போது இல்லை. விலகுகிறேன் என்றால் 'நீங்க இல்லாம நடக்காது சார்' என்கிறார்கள். அதைக் கேட்டதும் மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன்."
– திருப்பாதிரிப்புலியூர்

அந்த வாக்கியம் உங்களுக்கு இனிக்கிறது சார், அதுதான் நோய்.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் சங்க நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கலாம், அது வேறு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று, இன்னொருவர் உட்காருகிறாரா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் சங்கத்தில் மூன்று தடவையும் நீங்கள் எழுந்த வேகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

வந்த காரணம் தீர்ந்துபோவது சகஜம். பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் பெற்றோருக்குத் தீரும், கட்டடம் எழும்பியதும் கட்டட கமிட்டிக்காரருக்குத் தீரும். தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருப்பவர்கள் கடுகடுவென்று ஆகிவிடுகிறார்கள். புதிதாக வருகிற பையன் ஏதாவது சொன்னால் "அதெல்லாம் 2016-லேயே பண்ணிப் பார்த்தாச்சு" என்று வாயை அடைப்பார்கள். நீங்கள் அந்த நிலைக்கு வருமுன் விலகுங்கள்.

எப்படி விலகுவது என்பது பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையச் சங்கங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே எழுத்தில் கொடுங்கள். ஒப்படைக்க வேண்டியவை: மினிட்ஸ் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ரசீது புத்தகங்கள் (பாதி கிழித்தவையும் சேர்த்து), செக் புத்தகம், பாஸ் புத்தகம், பான் கார்டு, பதிவுச் சான்றிதழின் அசல். இதெல்லாம் பீரோவில் இருக்கும். பீரோவில் இல்லாத ஒன்று இருக்கிறது: வருமான வரி இணையதளத்தில் சங்கத்தின் கணக்குக்கு யாருடைய செல்போன் நம்பர் கொடுத்திருக்கிறீர்கள்? உங்களுடையதுதானே? நீங்கள் விலகி மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்விடுவீர்கள். இங்கே ஆடிட்டர் ரிட்டர்ன் போட உட்காருவார், ஓ.டி.பி. உங்களுக்குப் போகும், அங்கே உங்களுக்கு நடுராத்திரி. செப்டம்பர், அக்டோபரில் இந்தக் கூத்து எத்தனை ஆடிட்டர் ஆபீஸில் நடக்கிறது தெரியுமா? நம்பரையும் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வங்கியில் கையெழுத்து அதிகாரம் மாற்றத் தீர்மானம் போட்டு, தேதியோடு (தயவுசெய்து தேதியோடு) கொடுங்கள். நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய படிவத்தில் தாக்கல் செய்து ரசீது வாங்குங்கள். அது செய்யாதவரை அரசாங்கத்தின் ஏட்டில் நீங்கள்தான் செயலாளர்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். போனால் யோசனை சொல்லுவீர்கள்.

*

"செயற்குழுக் கூட்டத்தில் டீ, பஜ்ஜி செலவைச் சங்கக் கணக்கில் எழுதலாமா?"
– மஞ்சக்குப்பம்

டீயை எழுதலாம், கடை பில்லோடு. நாங்கள் இருந்த காலத்தில் பஜ்ஜியை முறை வைத்து ஒவ்வொரு மாதம் ஒருவர் சொந்தக் காசில் வாங்கி வருவோம். மழைக்காலக் கூட்டங்களுக்குக் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) தவறாமல் சேர்ந்ததற்கு அந்தப் பஜ்ஜிக்கும் பங்கு உண்டு. மிளகாய் பஜ்ஜி வேண்டாம், தலைவருக்கு அல்சர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.